சாட்சித் திட்டு

குழி வெட்டும்போது நடுவில்
ஒரு முழம் மண்ணை வெட்டாமல் விடவேண்டும்.
தலையில் பழைய அறுகம்புல்லோடு
தனியாக நிற்கும் அது.
சாட்சி என்று பெயர்.
தரை முன்பு எங்கே இருந்தது,
எவ்வளவு இறங்கியிருக்கிறோம் என்று
கேட்கிறவர்களுக்கு அது சொல்லும்.

எனக்கு இது தெரிய நாலு வருஷமானது.

அதுவரை ஓவர்சியர் வருவார்,
கரையில் நின்றபடியே எட்டிப் பார்ப்பார்,
முக்கால் அடி என்று எழுதிக்கொள்வார்.
முழங்கால் மறையும் குழிக்குள் நின்று
இதுவா முக்கால் அடி என்று
எங்களுக்குள்தான் கேட்டுக்கொள்வோம்.
பாஸ்புக்கில் முக்கால் அடிதான் ஏறும்.

ஜெகதாம்பாள் திருப்பூரிலிருந்து திரும்பியவள்.
பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கில் தைத்தவள்.
ஒரு பீஸ் குறைந்தாலும்
மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாளாம்.
அவள்தான் சொன்னாள்:
மண்ணுக்கும் பீஸ் கணக்கு உண்டு,
சாட்சியை விட்டு வெட்டுங்கடி.

பாமணியாற்றில் பிரிந்து வரும் வாய்க்கால்
எங்கள் ஊரோடு முடிகிறது.
கடைமடை.
தண்ணீரும் தபாலும் கூலியும்
கடைசியாக வரும் இடம்.
வெங்காயத்தாமரையை வாரிப்போட்டால்
அடியில் காட்டாமணக்கு வேர்,
வேருக்கடியில் பாட்டில்,
பாட்டிலுக்கடியில்தான் மண்.
காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ.
கண்ணை மூடிவிட்டால் ஆப்சென்ட் ஆகுமோ என்று
வெயிலை முறைத்தபடி நிற்போம்.
டவர் கிடைக்காமல் மதகின் மேலேறி
போனைத் தூக்கிப் பிடிப்பாள் பொறுப்பாளர் சுகந்தி,
ஏதோ மழை கேட்பவளைப் போல.

அன்றைக்குப் புது ஓவர்சியர். சின்னப் பையன்.
அவனும் கரையிலேயே நின்று
முக்கால் என்றான்.
சாட்சியில் வைத்து அளங்க சார், என்றேன்.
குரல் என்னுடையதுதானா என்று
எனக்கே சந்தேகம்.
சேறாயிருக்கே, என்றான்.
செருப்பைக் கழற்றிட்டு இறங்குங்க, என்றாள்
பின்னாலிருந்து அமராவதி.

செருப்பைக் கழற்றச் சொல்லி
ஒருவரிடம் நாங்கள் சொன்னது
அதுதான் முதல் தடவை.

கழற்றினான். இறங்கினான்.
டேப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினான்.
புல்லின் வேரோடு ஒட்டிப் பிடித்தேன்.
ஒன்றரை அடிக்கு இரண்டு விரல் குறைச்சல்.
அந்தக் குறைச்சலையும் நானே சொன்னேன்.

டீக்கடையில் பண்ணைக்காரர் புலம்புகிறாராம்,
நூறு நாள் வந்து நடவுக்கு ஆளே இல்லை என்று.
ஆள் இருக்கிறது.
பழைய கூலிக்குத்தான் இல்லை.

வீட்டில் அவர் கார்டைக் கேட்டார்.
கொடுத்தேன்.
நம்பர் என்ன, என்றார்.
ரசத்தை ஊற்றினேன்.
கொஞ்ச நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
உப்பு கம்மி, என்றார்.
கார்டு காலையில்
அரிசி டின் மேல் இருந்தது.

அளந்து முடித்ததும் சாட்சியை வெட்டிவிட வேண்டும்.
அதுதான் முறை.
மதகுப் பக்கம் ஒன்றை மட்டும்
எல்லோரும் பார்த்தோம், யாரும் தொடவில்லை.

மேட்டூர் திறந்து பதினெட்டாம் நாள்
நுரையும் தெர்மாகோலுமாகத் தண்ணீர் வந்தது.
எங்கள் பெயரில் ஒரு குழி நிலமில்லாத வயல்களுக்கு
நாங்கள் வெட்டிய வழியில் போனது.
திட்டைச் சுற்றிக்கொண்டு போனது.
மூன்று நாள் நின்றது திட்டு.
நாலாம் நாள் அந்த இடத்தில்
ஒரு சுழி மட்டும்.

அந்த வாரக் கூலி இன்னும் ஏறவில்லை.
ஒன்பது வாரமாகிறது.
மனு எழுதி இருபத்தாறு பேர் கையெழுத்து,
ஏழு கைநாட்டு.

ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு
ஒரு டேப் வாங்கியிருக்கிறோம்,
மஞ்சள் நிறம், ஐந்து மீட்டர்.
வேலை இல்லாத இந்தச் சாயங்காலம்
ஜெகதாம்பாள் அதை இழுக்கிறாள்.
விட்டால் படக்கென்று உள்ளே ஓடுகிறது.
மறுபடி இழுக்கிறாள்.
வாசலை அளக்கிறாள், தெருவை அளக்கிறாள்,
அமராவதியை நிற்கவைத்து
உச்சிவரை அளக்கிறாள்.